தாமுபூர் தையற்காரரின் மகன்

செப்டம்பர் 10 நெருங்கும்போதெல்லாம் அப்துல் ஹமீதின் பெயர் செய்திகளில் ஒருநாள் வந்து மறைகிறது. அப்படி வரும்போது அது பெரும்பாலும் இரண்டு வடிவங்களில் வருகிறது. ஒன்று, எண்ணிக்கை: அவர் வீழ்த்திய பாகிஸ்தான் டாங்கிகள் எத்தனை என்பது. மற்றொன்று, சான்று: இந்திய முஸ்லிம்களின் நாட்டுப்பற்றுக்கு அவரே எடுத்துக்காட்டு என்பது. இரண்டும் நன்றியுணர்வோடுதான் சொல்லப்படுகின்றன. ஆயினும், இரண்டிலுமே அந்த மனிதர் காணாமல்போகிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது. ராணுவ வரலாற்று நூல்களை விரும்பி வாசிப்பவன் நான். அவற்றில் தளபதிகளுக்கு முகம் உண்டு. சிப்பாய்களுக்கு எண் மட்டுமே உண்டு. அப்துல் ஹமீது பெயரோடு எஞ்சிய மிகச் சிலரில் ஒருவர். அந்தப் பெயருக்குப் பின்னால் 32 ஆண்டுகள் வாழ்ந்த ஒரு வாழ்க்கை இருந்தது. அதில் கடைசி மூன்று நாட்களைத் தவிர மற்றவற்றை நாம் பெரிதாகக் கேட்டதில்லை.

உத்தர பிரதேசத்தின் கிழக்குக் கோடியில், பிஹார் எல்லையை ஒட்டியிருக்கிறது காஜிபூர் மாவட்டம். கங்கைக் கரையில் அமைந்த அந்த மாவட்டத் தலைநகரைப் பற்றி வெளியுலகம் அறிந்தவை இரண்டு: ஆங்கிலேயர் காலத்திலிருந்து இயங்கிவரும் அபின் ஆலை; திப்பு சுல்தானோடு போரிட்ட காரன்வாலிஸ் பிரபு 1805-இல் இறந்து அடக்கமான கல்லறை. மாவட்டத்தின் கிராமங்களைப் பற்றி அறிந்தவர்கள் மூன்றாவதாக ஒன்றையும் சொல்வார்கள்: அங்கிருந்து தலைமுறை தலைமுறையாக இளைஞர்கள் ராணுவத்துக்குப் போகிறார்கள். கஹ்மர் போன்ற ஊர்கள் படைவீரர்களின் ஊர்கள் என்றே பெயர் பெற்றவை. நிலம் சிறிது, குடும்பம் பெரிது என்னும் பகுதிகளில் ராணுவம் என்பது வீரக்கனவாக இருப்பதற்கு முன்பே மாதச் சம்பளமாக இருக்கிறது. இதைச் சொல்வதால் எந்த வீரரின் பெருமையும் குறைந்துவிடாது.

அந்த மாவட்டத்தின் தாமுபூர் என்னும் சிற்றூரில் 1933 ஜூலை 1 அன்று அப்துல் ஹமீது பிறந்தார். தந்தை முகம்மது உஸ்மான் தையற்காரர். மகனும் சிறுவயதில் தையல் வேலையில் தந்தைக்குத் துணையாக இருந்தார். கிராமத்துத் தையற்காரரின் வருமானம் விழாக்களையும் திருமணங்களையும் அறுவடையையும் நம்பியது. ஆண்டு முழுவதும் சீராக வருவதன்று. மல்யுத்தத்திலும் வேட்டையிலும் நாட்டமுள்ள இளைஞராக அவரை ஊரார் நினைவுகூர்கிறார்கள். உண்டிவில்லில் அவர் குறி தப்பியதில்லை என்பது போன்ற கதைகளும் உண்டு. பின்னாளில் புகழ்பெற்றவரின் இளமைக்கு இப்படிப்பட்ட கதைகள் தாமாகவே வந்து சேர்வது எல்லா ஊர்களிலும் இயல்பு. ஊசியில் நூல் கோக்கவும் துணியை அளவு பிசகாமல் வெட்டவும் பழகிய கையும் கண்ணும் அவருடையவை என்பதே எனக்குப் போதுமான செய்தி.

அவருடைய தந்தையின் பெயரைக் கொண்ட இன்னொருவர் 1948 ஜூலை 3 அன்று காஷ்மீரின் ஜாங்கர் பகுதியில் பாகிஸ்தான் பீரங்கிக் குண்டுக்குப் பலியானார். அவர் பிரிகேடியர் முகம்மது உஸ்மான். காஜிபூருக்கு அண்டையிலுள்ள ஆசம்கர் மாவட்டத்தில் பிறந்தவர். பிரிவினையின்போது பாகிஸ்தான் ராணுவத்தில் சேர விடுக்கப்பட்ட அழைப்பை ஏற்காமல் இந்தியாவில் தங்கியவர். அப்போது அப்துல் ஹமீதுக்கு வயது 15. பிரிவினை அந்தப் பகுதியின் முஸ்லிம் குடும்பங்களை எவ்வாறு பிளந்தது என்பதைக் காஜிபூரின் கங்கௌலி கிராமத்தில் பிறந்த எழுத்தாளர் ராஹி மாசூம் ரஸா, ‘ஆதா காவ்ம்’ என்னும் நாவலில் எழுதினார். ‘மகாபாரதம்’ தொலைக்காட்சித் தொடருக்கு உரையாடல் எழுதியவர் என்றால் நம்மில் பலருக்கும் அவரை நினைவு வரும். அந்த நாவல் வெளிவந்தது 1966-இல். அதே காலத்தில் அவர் இன்னொரு நூலும் எழுதினார்: அப்துல் ஹமீதின் வாழ்க்கை வரலாறு. அதற்கு அவர் சூட்டிய தலைப்பின் பொருள், ‘சிறிய மனிதனின் பெரிய கதை’. பெரிய மனிதர் என்று எழுதியிருக்கலாம், எழுதவில்லை. ஊர் மனிதரை ஊர் மனிதராகவே வைத்துப் பார்க்க அந்த எழுத்தாளருக்குத் தெரிந்திருந்தது.

1954 டிசம்பர் 27 அன்று அப்துல் ஹமீது ராணுவத்தில் சேர்ந்தார். பயிற்சிக்குப் பின் கிரெனேடியர்ஸ் படையணியின் 4-ஆவது பட்டாலியனில் அமர்த்தப்பட்டார். அடுத்துவந்த ஆண்டுகள் எல்லாச் சிப்பாய்களுக்கும் உரியவை: இடமாற்றங்கள், அணிவகுப்புகள், விடுப்பு, மணியார்டர், மறுபடியும் புறப்பாடு. மனைவி ரசூலன் பீபி ஊரிலிருந்து பிள்ளைகளை வளர்த்தார். அந்த ஆண்டுகளில் ஹமீது கற்றுத் தேர்ந்தது ஒன்றுதான். பட்டாலியனின் டாங்கி எதிர்ப்புப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றி, 106 மி.மீ. பின்னுதைப்பற்ற பீரங்கியைக் கையாள்வதில் அந்தப் பட்டாலியனிலேயே மிகச் சிறந்தவர் என்று பெயரெடுத்தார்.

1962-இல் சீனாவுடனான போரில் அவருடைய பட்டாலியன், பிரிகேடியர் தால்வியின் 7-ஆவது பிரிகேடில் இடம்பெற்று நம்கா சூ ஆற்றங்கரையில் நின்றது. அந்தப் பிரிகேடு சிதைந்த கதையை நாடு அறியும். குளிருக்கு ஏற்ற உடையில்லை, போதிய தோட்டாக்கள் இல்லை, நின்று போரிடத் தகுந்த இடமுமில்லை. சுற்றிவளைக்கப்பட்ட கிரெனேடியர்ஸ் பட்டாலியனில் எஞ்சியவர்கள் பூடான் வழியாகக் கால்நடையாகவே வெளியேறினார்கள். தோற்ற படையின் சிப்பாயாக ஊருக்குக் கடிதம் எழுதுவது எப்படிப்பட்ட அனுபவமாக இருந்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கத்தான் முடியும். ஆனால், 1965-ஐப் புரிந்துகொள்ள அந்தத் தோல்வியை நினைவில் வைத்திருப்பது அவசியம். அதே 4-ஆவது டிவிஷன்தான், அதே பட்டாலியன்தான், மூன்று ஆண்டுகள் கழித்துப் பஞ்சாப் எல்லைக்கு அனுப்பப்பட்டது.

இடைப்பட்ட காலத்தில் ஹமீதுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. கம்பெனி குவார்ட்டர் மாஸ்டர் ஹவில்தார் ஆனார். பெயர் நீளமே தவிர, வேலை எளிதில் விளங்கக்கூடியது: கம்பெனியின் உணவுப்பொருள், உடை, படுக்கை, தளவாடம் ஆகியவற்றுக்குக் கணக்கு வைத்துப் பங்கிட்டுக் கொடுப்பவர் அவர். போர் வந்தபோது டாங்கி எதிர்ப்புப் பிரிவுக்கு அனுபவசாலிகள் தேவைப்பட்டார்கள். குறி பார்த்துச் சுடுவதில் அவரை விஞ்ச ஆளில்லை என்பதால், பட்டாலியன் தளபதி அவரை மீண்டும் அந்தப் பிரிவுக்கு அழைத்துக்கொண்டார். களஞ்சியப் பொறுப்பிலேயே இருந்திருந்தால் அவர் பின்வரிசையில் இருந்திருப்பார்.

விடுப்பு முடிந்து கடைசியாக ஊரிலிருந்து கிளம்பிய நாளில், படுக்கையைச் சுருட்டிக் கட்டும்போது கயிறு அறுந்தது என்றும், அது தீய சகுனம் என்று மனைவி தடுத்தார் என்றும், அவர் சிரித்துவிட்டுக் கிளம்பினார் என்றும் சொல்லப்படுகிறது. திரும்பி வராதவர்கள் எல்லோருடைய வீட்டிலும் இப்படி ஒரு கயிறு அறுந்திருக்கிறது. திரும்பி வந்தவர்களுக்கு அறுந்த கயிறுகளை யாரும் நினைவு வைத்துக்கொள்வதில்லை.

1965 ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் பாகிஸ்தான், காஷ்மீருக்குள் ஊடுருவல்காரர்களை அனுப்பியது. அங்குள்ள முஸ்லிம்கள் கிளர்ந்தெழுவார்கள் என்பது திட்டம் தீட்டியவர்களின் கணக்கு. மதத்தை மட்டும் வைத்துப் போட்ட அந்தக் கணக்கு பொய்த்தது. செப்டம்பர் 1 அன்று சாம்ப் பகுதியில் பாகிஸ்தானின் நேரடித் தாக்குதல் தொடங்கியது. அதற்கு மறுமொழியாக 6-ஆம் தேதி இந்திய ராணுவம் பஞ்சாபில் சர்வதேச எல்லையைக் கடந்தது. கேம்கரண் வழியாகக் கசூரை நோக்கிச் சென்ற 4-ஆவது டிவிஷன், இச்சோகில் கால்வாயை எட்டும் முன்பே கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. சில பட்டாலியன்கள் நிலைகுலைந்தன. மலைப் போருக்கென்று எடை குறைந்த தளவாடங்களோடு சீரமைக்கப்பட்ட ஒரு டிவிஷன், சமவெளியில் டாங்கிப் படையை எதிர்கொள்ள நேர்ந்திருந்தது. மறுநாளுக்குள் அது பின்வாங்கி அசல் உத்தர் என்னும் கிராமத்தை ஒட்டிக் குதிரை லாட வடிவில் அணிவகுத்தது. உத்தர் என்பதற்கு விடை என்றும் பொருள் உண்டு. ‘சரியான பதில்’ என்று அந்த ஊர்ப்பெயரைப் பின்னர் எல்லோரும் மகிழ்ந்து விளக்கினார்கள். அந்த நாளில் அது வெறும் ஊர்ப்பெயர்தான்.

நிலைமை எவ்வளவு மோசமாக இருந்தது என்றால், மேற்குப் பகுதித் தளபதி ஹர்பக்‌ஷ் சிங்கிடம் பியாஸ் ஆற்றுக்குப் பின்னால் படைகளை நகர்த்தும் யோசனையைத் தலைமைத் தளபதி முன்வைத்தார் என்றும், ஹர்பக்‌ஷ் சிங் அதற்கு இணங்கவில்லை என்றும், அப்போது அவருக்கு உதவியாளராக இருந்தவரும் பிற்காலத்தில் பஞ்சாப் முதல்வரானவருமான அமரீந்தர் சிங் எழுதியிருக்கிறார். பியாஸ் வரை பின்வாங்குவது என்றால் அமிர்தசரஸைக் கைவிடுவது என்று பொருள். கரும்பும் பருத்தியும் ஆளுயரம் வளர்ந்திருந்த வயல்களுக்கு இடையே சில பட்டாலியன்கள் பதுங்குகுழிகளைத் தோண்டிக்கொண்டு காத்திருந்த அந்த இரவுகளின் முக்கியத்துவம் அதுதான்.

எதிரே வந்தது பாகிஸ்தானின் முதலாவது கவசப் படை டிவிஷன். அதன் பலம், அமெரிக்கா அளித்த பேட்டன் டாங்கிகள். ஒவ்வொன்றும் 45 டன்னுக்குக் குறையாத எடை, 90 மி.மீ. பீரங்கி, அன்றைய துணைக்கண்டத்தில் அவற்றுக்கு நிகராக எதுவுமில்லை என்ற பெயர். அவற்றை எதிர்க்க ஹமீதிடம் இருந்தது, ஒரு ஜீப்பின் மேல் பொருத்தப்பட்ட நீண்ட குழல்.

அந்தக் குழலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில், ஹமீதின் வீரம் என்ன வகையானது என்பது அதில்தான் அடங்கியிருக்கிறது. சாதாரணப் பீரங்கி சுடும்போது பின்னோக்கி உதைக்கும். அந்த உதையைத் தாங்கக் கனமான அடித்தளம் வேண்டும். பின்னுதைப்பற்ற பீரங்கியில் வெடிமருந்தின் வாயுவில் ஒரு பகுதி குழலின் பின்புறத் துளைகள் வழியே சீறி வெளியேறுகிறது. அதனால் உதை இல்லை. ஆகவே, ஒரு ஜீப்பே அதைச் சுமக்க முடிகிறது. இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. சுட்ட மறுகணம் பின்புறம் தீயும் புழுதியும் மேகம்போல் எழும். செப்டம்பர் மாதப் பஞ்சாப் வயலில் அது நெடுந்தொலைவுக்குத் தெரியும். சுட்டவர் இருக்குமிடம் எதிரிக்குத் தெரிந்துவிடும். ஜீப்பைச் சுற்றி ஓர் அங்குல இரும்புக் கவசம்கூடக் கிடையாது. எனவே, முதல் குண்டே இலக்கைத் தாக்க வேண்டும். தாக்கினாலும் தப்பினாலும் உடனே இடம் மாற வேண்டும். மீண்டும் மறைவு தேட வேண்டும். மீண்டும் காத்திருக்க வேண்டும். குழலோடு இணைந்த சிறிய துப்பாக்கியால் ஒளிரும் தோட்டாவைச் சுட்டுத் தொலைவை உறுதிசெய்துகொள்ள வழியுண்டு. ஆனால், அதுவும் எதிரிக்குத் தகவல் சொல்லிவிடக்கூடும். டாங்கி நெருங்க நெருங்கக் குறி எளிதாகிறது, உயிர் அரிதாகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே எந்தக் கணத்தில் விசையை அழுத்துவது என்பதே அந்தக் கலை. ஆவேசம் இதற்கு உதவாது. நிதானமும் பயிற்சியும்தான் உதவும்.

செப்டம்பர் 8 காலையில் பேட்டன்கள் கிரெனேடியர்ஸ் பட்டாலியனின் நிலைகளை நோக்கி வந்தன. கேம்கரணிலிருந்து பிக்கிவிண்ட் செல்லும் சாலையில், சீமா கிராமத்துக்கு முன்பாக அந்த நிலைகள் இருந்தன. பதுங்குகுழிகளில் இருந்தவர்கள் சுடாமல் காத்திருந்தார்கள். கரும்பு வயலுக்குள் மறைந்திருந்த ஹமீது, முதல் டாங்கி மிக அருகே வரும்வரை விட்டுச் சுட்டார். அது பற்றி எரிந்தது. பின்னால் வந்த டாங்கிகளிலிருந்து வீரர்கள் இறங்கி ஓடியதாக அந்தப் போரை விவரிப்பவர்கள் எழுதியிருக்கிறார்கள். அன்றும் மறுநாளும் தாக்குதல்கள் தொடர்ந்தன. பாகிஸ்தான் விமானங்களும் வந்தன. அவர் சுட்டு, நகர்ந்து, மறைந்து, மீண்டும் சுட்டுக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 10 காலை 8 மணியளவில் கடும் பீரங்கித் தாக்குதலோடு ஒரு ரெஜிமென்ட் பேட்டன் டாங்கிகள் வந்தன. 9 மணிக்குள் அவை முன்னணி நிலைகளுக்குள் புகுந்துவிட்டன. அரசின் விருதுரை அதன் பிறகு நடந்ததை இவ்வாறு பதிவு செய்கிறது: நிலைமையின் அபாயத்தை உணர்ந்த ஹமீது, குண்டுமழைக்கு நடுவே ஜீப்பைப் பக்கவாட்டுக்குக் கொண்டுசென்றார். முன்னால் வந்த டாங்கியை வீழ்த்தினார். விரைந்து இடம் மாறி, இன்னொன்றைத் தீக்கிரையாக்கினார். இதற்குள் சுற்றியிருந்த டாங்கிகள் அவரைக் கண்டுகொண்டு, இயந்திரத் துப்பாக்கிகளாலும் வெடிகுண்டுகளாலும் ஜீப்பைக் குறிவைத்தன. அவர் நிறுத்தாமல் மற்றொரு டாங்கியைச் சுட்டுக்கொண்டிருந்தபோது, குண்டு ஒன்று அவரைத் தாக்கியது.

ஆக, எத்தனை? சில நூல்கள் 7 என்கின்றன. சில 8 என்கின்றன. விருதுரை செப்டம்பர் 10-ஐ மட்டுமே விவரிப்பதால், முந்தைய நாட்களின் கணக்கு அதில் இல்லை. பல துப்பாக்கிகளும் பீரங்கிகளும் ஒரே நேரத்தில் சுடும் களத்தில், எரிந்து நிற்கும் டாங்கி எவருடைய குண்டுக்கு எரிந்தது என்பதைத் துல்லியமாகச் சொல்வது கடினம் என்று போரை ஆராய்பவர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். எண்ணிக்கையை உயர்த்துவதால் ஹமீதுக்கு எதுவும் கூடப்போவதில்லை. மூன்று நாட்கள் அந்த ஜீப்பில் ஏறி இறங்கிய ஒருவருக்கு இரண்டு டாங்கிகளே போதும்.

அசல் உத்தர் வெற்றி அவர் ஒருவரால் கிடைத்ததுமல்ல. சலீம் காலெப் தலைமையிலான 3-ஆவது கவாலரியின் செஞ்சூரியன் டாங்கிகள், டெக்கான் ஹார்ஸ் படையின் பழைய ஷெர்மன்கள், ஓயாது முழங்கிய பீரங்கிப் படை, கால்வாய்க் கரையை உடைத்து வயல்களில் தண்ணீரைப் பாயவிட்ட உத்தி எல்லாம் சேர்ந்தே அதைச் சாதித்தன. சேற்றில் சிக்கிய பேட்டன்கள் பலவற்றை, இயந்திரம் அணையாத நிலையிலேயே பாகிஸ்தான் வீரர்கள் விட்டுச்சென்றார்கள். பாகிஸ்தான் இழந்த டாங்கிகள் 97 என்பது இந்தியத் தரப்புக் கணக்கு. அவை பிக்கிவிண்ட் அருகே வரிசையாக நிறுத்தப்பட்டபோது, அந்த இடத்துக்கே பேட்டன் நகர் என்று பெயர் வந்தது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் கேம்கரண் நகரை அப்போது நம்மால் மீட்க முடியவில்லை. போர்நிறுத்தத்தைத் தாண்டியும் அது பாகிஸ்தான் வசமே இருந்தது. 1966 ஜனவரியில் கையெழுத்தான தாஷ்கண்ட் உடன்படிக்கையின்படிதான் திரும்பக் கிடைத்தது. போர் வரலாறு வெற்றி விழாவைப்போல நேர்க்கோட்டில் செல்வதில்லை.

செப்டம்பர் 16 அன்று, அதாவது அவர் இறந்த ஆறாம் நாள், போர் நடந்துகொண்டிருக்கும்போதே அப்துல் ஹமீதுக்குப் பரம்வீர் சக்கரம் அறிவிக்கப்பட்டது. இவ்வளவு விரைவு வழக்கமானதன்று. அதற்குக் காரணம் அவருடைய வீரம் மட்டும்தானா என்று கேட்பது அவமதிப்பாகாது என்று நினைக்கிறேன். எல்லைக்கு அப்பால் மதத்தின் பெயரால் போருக்கு அழைப்பு விடுக்கப்பட்டிருந்தது. எல்லைக்கு இப்பால் முஸ்லிம்களைச் சந்தேகத்தோடு பார்க்கும் பார்வை வலுத்திருந்தது. அந்த நேரத்தில் இந்தப் பெயரை உரக்கச் சொல்ல வேண்டிய தேவை அரசுக்கு இருந்திருக்கும். அது நல்ல நோக்கம்தான். அன்று அது பலருக்கு ஆறுதலாகவும் இருந்திருக்கும். ஆனால், அன்றிலிருந்து ஹமீது ஒரு வாதத்தின் பகுதியாகிவிட்டார். மேடைகளில் ஒரு சமூகத்துக்கு ஆதரவாகப் பேசுகிறவர்களும் அவரை எடுத்துவைக்கிறார்கள். அந்தச் சமூகத்துக்கு அறிவுரை சொல்ல விரும்புகிறவர்களும் அவரையே எடுத்துவைக்கிறார்கள்.

எனக்கு இதில் உறுத்துவது இதுதான். பரம்வீர் சக்கரம் பெற்ற 21 பேரில் மற்ற எவருடைய மரணத்தையும் அவருடைய சமூகத்தின் நாட்டுப்பற்றுக்குச் சான்றிதழாக நாம் கேட்டதில்லை. அதே போரில் டாங்கிப் படைக்குத் தலைமையேற்று வீழ்ந்து அதே விருதைப் பெற்ற லெப்டினன்ட் கர்னல் தாராபூர் பார்சி. அவரைக் கொண்டு பார்சிகளின் விசுவாசத்தை எவரும் நிறுவ முனைந்ததில்லை. அப்படி ஒரு கேள்வியே எழுந்ததில்லை. சான்று கேட்கப்படுகிறது என்றாலே சந்தேகம் முன்னதாக இருக்கிறது என்றுதான் பொருள். ஹமீதின் ஜீப்பில் அந்தச் சந்தேகத்துக்கு இடமிருந்திருக்காது. பட்டாலியனிலேயே சிறந்த கை என்பதால் அவரை அதில் ஏற்றினார்கள், அவ்வளவுதான். அந்தத் தகுதியின் பெயரால் அவரை நினைவுகூர நமக்கு ஏன் இவ்வளவு தயக்கம்?

1966 ஜனவரி 26 குடியரசு நாள் விழாவில் ரசூலன் பீபி விருதைப் பெற்றுக்கொண்டார். தாஷ்கண்டில் லால் பகதூர் சாஸ்திரி இறந்து பதினைந்து நாட்களே ஆகியிருந்தன. இந்திரா காந்தி பிரதமராகப் பதவியேற்று இரண்டே நாட்கள். விருதை வழங்கியவர் குடியரசுத் தலைவர், நம் திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன். அந்த வெண்கலப் பதக்கத்தை வடிவமைத்தவர் ஸ்விட்சர்லாந்தில் பிறந்து, இந்திய ராணுவ அதிகாரியை மணந்து, சாவித்திரி கானோல்கர் ஆன பெண்மணி. ததீசி முனிவர் தம் முதுகெலும்பைத் தானமாகக் கொடுக்க, அதிலிருந்து இந்திரனுக்குச் செய்யப்பட்ட வஜ்ராயுதத்தின் வடிவம் அதில் நான்கு முறை பொறிக்கப்பட்டிருக்கிறது. இந்த நாடு எத்தனை கைகளால் நெய்யப்பட்டது என்பதற்கு அந்தச் சிறிய பதக்கம் ஒன்றே போதும்.

பதக்கத்தை வாங்கிக்கொண்டு ரசூலன் பீபி ஊர் திரும்பினார். அதன் பிறகு அவர் வாழ்ந்தது 53 ஆண்டுகள்; கணவரோடு வாழ்ந்த காலத்தைப்போலப் பல மடங்கு. 1988-இல் தூர்தர்ஷன், பரம்வீர் சக்கரம் பெற்றவர்களைப் பற்றிய தொடரை ஒளிபரப்பியபோது, நசீருத்தீன் ஷா ஹமீதாக நடித்தார். 2000-இல் ஜீப்பும் பீரங்கியும் இடம்பெற்ற அஞ்சல்தலை வெளியானது. 2008-இல் ரசூலன் பீபி, குடியரசுத் தலைவர் பிரதிபா பாட்டீலைச் சந்தித்துச் சில கோரிக்கைகளை வைத்தார். ஊரில் ராணுவ ஆள்சேர்ப்பு மையம் வேண்டும். கணவர் வாழ்ந்த வீட்டை நினைவில்லம் ஆக்க வேண்டும். அவருடைய நினைவு நாளைத் தேசிய அளவில் அனுசரிக்க வேண்டும். பேரப்பிள்ளைகளுக்கு அரசு வேலை கிடைக்க உதவ வேண்டும். இந்தப் பட்டியலை முதலில் வாசித்தபோது, கடைசிக் கோரிக்கையிடம் என் கண் வெகுநேரம் நின்றது. விருது கிடைத்து 42 ஆண்டுகளுக்குப் பிறகு, நாட்டின் மிக உயரிய வீர விருதைப் பெற்றவரின் குடும்பம் வேலைக்காகக் கேட்டு நிற்க வேண்டியிருந்தது. முதல் கோரிக்கையும் கவனிக்கத் தக்கது. கணவரை ராணுவத்தில் இழந்தவர், ஊர் இளைஞர்களுக்கு ராணுவ வேலை எளிதில் கிடைக்க வழி கேட்டார்.

தாமுபூரில் நினைவிடம் எழுந்தது, சிலை வைக்கப்பட்டது. 2017 செப்டம்பர் 10 அன்று தலைமைத் தளபதி விபின் ராவத் அங்கு நேரில் வந்து மரியாதை செலுத்தினார். முதிர்ந்த வயதில் அதைக் கண்ட ரசூலன் பீபி, 2019 ஆகஸ்ட் 2 அன்று காலமானார். 2024-இல் ஹமீதைப் பற்றிய பாடம் 6-ஆம் வகுப்புப் பாடத்திட்டத்தில் சேர்க்கப்பட்டது. இதற்குச் சில மாதங்கள் கழித்து, 2025 பிப்ரவரியில், அவருடைய ஊரில் அவர் பெயரைத் தாங்கிய அரசுப் பள்ளியின் நுழைவாயில் புதிதாக வண்ணம் பூசப்பட்டது. மத்திய அரசுத் திட்டம் ஒன்றின் பெயர் அங்கே எழுதப்பட்டது. ஹமீதின் பெயர் இல்லாமல்போனது. குடும்பத்தார் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், செய்தி பரவியது, பிறகு பெயர் மறுபடியும் எழுதப்பட்டது. இதில் திட்டமிட்ட நோக்கம் இருந்ததா, வண்ணம் பூசியவர்களின் அலட்சியமா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. பாடநூலில் ஒரு பெயரைச் சேர்க்கும் காலத்திலேயே அதே பெயர் ஒரு பள்ளிச் சுவரிலிருந்து மறைய முடிகிறது என்பதும், அதைத் திரும்ப எழுதவைக்கக் குடும்பம் குரல் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதும் போதும்.

ஹமீதின் உடல் தாமுபூருக்கு வரவில்லை. அசல் உத்தரிலேயே, அவர் போரிட்ட வயல்களுக்கு நடுவே, அவர் அடக்கம் செய்யப்பட்டார். அங்கிருந்து பாகிஸ்தான் எல்லை சில கிலோமீட்டர் தொலைவுதான். சொந்த ஊர் ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். சுற்றிலும் வசிப்பவர்கள் பெரும்பாலும் சீக்கிய விவசாயிகள். போரில் தங்கள் ஊரைவிட்டு ஓடியவர்களும், திரும்பி வந்து சிதைந்த வீடுகளைக் கட்டியெழுப்பியவர்களும், டாங்கித் தடங்கள் பதிந்த நிலத்தை உழுதவர்களும் அவர்களே. ஆண்டுதோறும் செப்டம்பர் 10 அன்று அந்தக் கல்லறையில் விழா எடுக்கப்படுகிறது. ராணுவத்தார் மலர்வளையம் வைத்துச் சென்ற பிறகும் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்.